டீ கிளாஸோடு ஓடி வந்த டிரைவர்

கேஸ் என்றால் போலீஸ் கேஸ்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஐம்பது வயதில் ஒரு மனுஷனுக்கு வேறு என்ன கேஸ் வரும்?

போனில் வந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். “சார், டோல்கேட்ல உங்களுக்கு நடந்த விபத்து விஷயமா… உங்க கேஸை எடுத்துக்கலாமான்னு…” அதற்கு மேல் அவள் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. வீடு எங்கே என்று கேட்டாள். பயத்தில் லேண்ட்மார்க்கோடு சொல்லித் தொலைத்தேன்.

விபத்து நடந்து ஆறேழு மாதம் இருக்கும். கண்டெய்னர் டிரெய்லர் அடித்துத் தள்ளியது, ஸ்கூட்டரோடு விழுந்தேன், மணிக்கட்டில் மாவுக்கட்டு. திருவொற்றியூர் முழுக்க நான் சொல்லிவைத்த கதை இது. கட்டைப் பிரித்த அன்றே ஸ்கூட்டர் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டேன். நானும் ஓட்டவில்லை, மகளையும் ஓட்ட விடவில்லை. இத்தனைக்கும் அந்த வண்டியை எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். மாத்தூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். தினமும் காலையில் சாவிக்குக் கையை நீட்டுவாள். நான் இடுப்பைப் பிடித்துக்கொள்வேன். முறைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாள்.

போன் வந்ததும் வண்ணாரப்பேட்டையில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் என் தோஸ்து பாயிடம் ஓடினேன்.

“கேஸா? நீ வுழுந்ததுல டிரெய்லருக்கு எதுனா டேமேஜ் ஆயிருக்கும் மாமு. உன் உடம்பு அப்டி.”

“வெளாடாத பாய். இப்ப இன்னா பண்றது?”

“ரெண்டு செட்டு துணி, ஒரு பிரஷ்ஷு எட்த்து வெச்சுக்கோ. பிரியாணி உள்ள அனுப்ப நான் கீறேன். பேஜாராவாத.”

கிண்டல் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் எடுத்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றது, குடையும் தண்ணீர் பாட்டிலுமாக ஒரு சின்னப் பெண். “கேஸ் ஸ்டடி சார். விபத்து ஏன் நடக்குது, நடந்த பிறகு அந்த வீட்டுல என்ன ஆகுதுன்னு ஆராய்ச்சி பண்றேன். டாக்டர் உங்ககிட்ட கேட்டுட்டுத்தானே நம்பர் குடுத்தாரு?” ஆமாம், கட்டுப் போட்ட வலியில் எதற்கோ தலையாட்டிய ஞாபகம் வந்தது.

மகள் வாசலோரம் இருந்த என் பையைப் பார்த்தாள். “நைனா, ஜெயிலுக்கு இன்னிக்கு லீவு. பையை உள்ள வையி.”

போன உயிர் திரும்பி வந்ததும் எனக்கு வாய் நீண்டுவிட்டது. எழுந்து நின்று நடித்தே காட்டினேன். டிரெய்லர் சீறியது, நான் பறந்தேன். “ஆனா டிரைவர் தங்கமான மனுஷன்மா. எதிர் டீக்கடையிலேர்ந்து டீ கிளாஸோட ஓடி வந்தாரு. என்னைத் தூக்கி உக்கார வெச்சு, அந்த டீயையும் எனக்கே குடுத்துட்டாரு.”

இந்த இடத்தில் எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள். அவள் பேனாவை நிறுத்தினாள்.

“எந்த டிரைவர் சார்?”

“அதான், அந்த டிரெய்லர் டிரைவரு.”

“அவர் டீக்கடையில இருந்தா, வண்டியை யாரு ஓட்டினது?”

முதலில் சிரித்தது மகள்தான். “அந்த டீயக் குடிக்க சொல்லோ கூடவா நைனா உனக்குத் தோணல?”

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போனாள். “விபத்தால வீட்டுல யாருக்கெல்லாம் பாதிப்பு?”

“எனக்கு மட்டும்தான்” என்று மணிக்கட்டைக் காட்டினேன்.

“எனக்கும் எழுதிக்கங்க” என்றாள் மகள். சிரிப்பு போயிருந்தது. “ரெண்டு பஸ் மாறிப் போறேன். லேட்டு லேட்டுன்னு வேலையே போற மாதிரி கீது. வுழுந்தது இவுரு. கட்டு போட்டது என் கால்ல.”

எதற்கும் ஒரு ஜோக்கு வைத்திருப்பவன் நான். அன்றைக்கு எழுந்து உள்ளே போனேன். வியர்வையில் சாவி முடிச்சு இறுகிப் போயிருந்தது. கத்தரிக்கோல் கேட்டு வாங்கி வெட்ட வேண்டியதாயிற்று. சாவியை மகள் கையில் வைத்தேன். வாங்கியதும் முதலில் துப்பட்டாவில் துடைத்தாள், கழுதை.

“விபத்துக்குக் காரணம் என்னன்னு எழுதட்டும் சார்?” என்றாள் வந்த பெண்.

சொன்னேன். ஹார்பருக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசையாக நின்றிருந்தன. பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தது. நான் மிரண்டு பிரேக்கைப் பிடித்தேன். மணலில் சறுக்கி விழுந்தேன். டிரெய்லர் என்னைத் தொடவே இல்லை.