ஐந்தரை மணி நேரம்

இரிஞ்ஞாலக்குடா பேருந்து நிலையத்துக்கு எதிரே, பேக்கரி மாடியில் ரம்லாவின் கடை. தையல் வகுப்புக்குப் போவதாக வீட்டில் புளுகிவிட்டுக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கக் கற்றவள். நாற்பத்தைந்து வயதாகியும் அந்தக் கள்ளச் சிரிப்பு போகவில்லை.

பள்ளிக்கூடத்து வேலைக்கு ஆலீஸ் டீச்சருக்கு லினக்ஸ் வேண்டும். ஓய்வு பெற்ற கணவர் வறீதுக்குச் சீட்டாட விண்டோஸ் வேண்டும். வீட்டில் இருந்ததோ ஒரே லேப்டாப். ரம்லா எல்லாவற்றையும் நகலெடுத்து வைத்துக்கொண்டு, வன்தட்டில் இடம் பிரித்து, இரண்டையும் ஏற்றிக் கொடுத்தாள். திறந்ததும் எது வேண்டுமென்று கேட்கும். டீச்சர் கணவருக்கு ஒரு சட்டமும் போட்டார்: சீட்டு மதியம் பன்னிரண்டு வரைதான், அப்புறம் தோட்டத்தில் ஜாதிக்காய் பொறுக்க வேண்டும்.

மறுநாள்தான் ரம்லாவுக்கு உறைத்தது. லினக்ஸ் கடிகாரத்தை லண்டன் நேரத்துக்கு வைத்துவிடும். அதை விண்டோஸ் நம்மூர் நேரமென்று நம்பி ஐந்தரை மணி நேரம் பின்தங்கிவிடும். ஒரு நிமிட வேலை. போன் செய்தாள்.

"வறீதேட்டா, மணி தப்பா காட்டுதா? கொண்டு வாங்க, சரி பண்ணித் தர்றேன்."

"அது பாட்டுக்கு இருக்கட்டும் மோளே," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "டீச்சர்கிட்ட மூச்சு விடாதே."

சாயங்காலம் நாலு மணி வரை ஆடினாலும், ஒவ்வொரு ஆட்டத்தின் நேரத்தையும் கம்ப்யூட்டர் குறித்துவைக்கும் பதிவில் காலை பத்தரை என்றுதான் விழும்! ரம்லா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சொல்லவுமில்லை.

முதல் வாரம் டீச்சர் கடைசி ஆட்டத்தின் நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு, "பரவால்லயே, சொன்ன பேச்சு கேக்குறாரு" என்று மெச்சினார். இரண்டாம் வாரம் பட்டியலை மேலே நகர்த்திப் பார்த்தவர், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார்.

"ரம்லா, விடியக்காலை நாலு மணிக்கு ஆடியிருக்காருன்னு போட்டிருக்கு. நாலு மணிக்கு இந்த மனுஷன் என் பக்கத்துல குறட்டை விட்டுட்டுக் கிடந்தாரு. அப்போ ஆடினது யாரு, இவரோட அப்பனா?"

காலை ஒன்பதரைக்கு நியாயமாக ஆடிய ஆட்டமே அவரைக் காட்டிக்கொடுத்திருந்தது. ரம்லாவால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லி, "என்னைத் திட்டுங்க டீச்சரே, நானும் கூட்டுக் களவாணிதான்" என்றாள். லேப்டாப்பின் கடிகாரத்தைச் சரிசெய்யக் கை போனது.

டீச்சர் அந்தக் கையைப் பிடித்தார். "தொடாதே. ஐந்தரையைக் கூட்டிப் பாக்க எனக்குத் தெரியாதா?"

அன்றிரவு சாப்பாட்டில் மீன் குழம்பை ஊற்றியபடி டீச்சர், "மூணு இருபதுக்குத் தோத்தீங்களாமே?" என்றாராம். மறுநாள் காலை வறீது கடைக்கு ஓடி வந்தார்.

"மோளே, அந்த லினக்ஸ் ஆளை வேவு பாக்குமா?"

"டீச்சர் சொல்லிக் கொடுத்தா எல்லாம் பாக்கும் வறீதேட்டா," என்றாள் ரம்லா, தலை நிமிராமல்.

அந்த வருஷம் தோட்டத்தில் ஒரு ஜாதிக்காய்கூட மண்ணில் கிடந்து வீணாகவில்லை.