கழா இல்லாத நோன்பு

சாய்ந்தமருதுத் தையல்காரியைத்தான் மச்சி, நான் திட்டித் தீர்த்தேன். நீங்களும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டீர்கள்தானே? புது அபாயா மூன்று விரல் கூடுதல் நீளம், நடந்தால் தெருவைக் கூட்டுகிறது என்று. பாவம், அவள் என் பழைய அளவுக்குத்தான் தைத்திருக்கிறாள். குறைந்தது நான்.

அது எப்படித் தெரிய வந்தது என்றால், போன கிழமை அரிசிப் பானையைத் தூக்கக் குனிந்தேன். முதுகில் மளுக்கென்று ஒரு சத்தம். மகள் ஆட்டோ பிடித்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டொக்டர் சின்ன வயதுப் பிள்ளை, வாய்க்கு வாய் 'உம்மா' என்றது, எனக்குப் பிடித்துப்போயிற்று. எக்ஸ்ரே படத்தைக் காட்டினாள். குழலில் இருந்து தள்ளிய பிட்டு மாதிரி முதுகெலும்பு துண்டு துண்டாக நிற்கிறது. நடுவில் இரண்டு மூன்று துண்டுகள் பலமிழந்து நசிந்துபோய். அதனால்தான் ஆள் குள்ளமாகிவிட்டேனாம்.

பிறகு கேள்வி தொடங்கியது. குடும்பத்தில் யாருக்காவது எலும்பு முறிந்ததா? என் உம்மா கிணற்றடியில் வழுக்கி இடுப்பு முறிந்து, மௌத்தாகும் வரைக்கும் பாயில் கிடந்ததைச் சொன்னேன். மூச்சிழுப்புக்கு வருடக்கணக்காக நான் விழுங்கிய குளிசையைக் கேட்டாள். உடம்பில் வெயில் படுவதுண்டா என்றாள். கடைசியாக, மாதாமாதம் வருவது எப்போது நின்றது என்றாள். அதற்கு மட்டும் பெருமையாகப் பதில் சொன்னேன்.

"முப்பத்தெட்டு வயசில ஒப்பரேசன் செஞ்சி எல்லாத்தையும் எடுத்துட்டாங்க மகள். அதுக்குப் புறகு முப்பது நோன்பும் முழுசாப் புடிக்கிறன். ஒரு கழா இல்ல."

நீங்கள் எல்லாரும் மாதாமாதம் வரும் நாட்களில் விட்ட நோன்புகளைப் பெருநாள் முடிந்தும் கழாப் பிடித்துக்கொண்டிருக்க, உங்கள் முன்னாலேயே வட்டிலப்பம் தின்று காட்டியவள் அல்லவா நான்?

டொக்டர் சிரிக்கவில்லை. "கர்ப்பப்பையோட சூலகத்தையும் சேத்து எடுத்திரிக்காங்க உம்மா. எலும்பக் காக்கிற ஹோர்மோன் அதிலதான் ஊறுது. மத்தப் பொம்புளயளுக்கு அம்பது வயசு வரைக்கும் இரிக்கும். ஒங்களுக்கு முப்பத்தெட்டிலயே நிண்டிட்டு."

என் முதுகு வலி மறந்துபோயிற்று. பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தேன். வயது நாற்பத்தொன்று. கர்ப்பப்பையில் கட்டி, ஓயாத இரத்தம். அடுத்த கிழமை அவளுக்கும் அதே ஒப்பரேசன். எல்லாவற்றையும் எடுக்கச் சொல், கழா இல்லாமல் நிம்மதியாக இரு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

"அப்ப நானும் உம்மா மாதிரித்தானா டொக்டர்?" என்று கேட்டாள்.

சூலகத்தை விட்டுவைக்க முடியுமா என்று ஒப்பரேசன் செய்கிறவரிடம் கேட்கச் சொன்னாள் டொக்டர். சிலருக்கு விடலாம், சிலருக்கு முடியாதாம். எடுக்கத்தான் வேண்டுமென்றால் எலும்புக்கு என்ன மருந்து என்றும் கேட்க வேண்டுமாம்.

அன்று தொடங்கி அவள் வாசற்படி இறங்கினாலும் நான் போய்க் கையைப் பிடித்துக்கொள்கிறேன் மச்சி. என் உம்மா கிடந்த பாய்தான் கண்ணுக்குள் நிற்கிறது. இவளோ, பெரிய டொக்டரிடம் இதையெல்லாம் கேட்க வெட்கமாம். எனக்கு என்ன வெட்கம்? எழுத்துத் தெரியாவிட்டாலும் வாய் இருக்கிறதே. நாளைக் காலை கிளினிக்குக்கு நானும் போகிறேன்.

அதற்குள் இந்த அபாயாவை மூன்று விரல் மடித்துத் தைத்துவிட வேண்டும். தடுக்கி விழுந்தேனென்றால் அவளுக்காகக் கேட்க ஆளில்லை. இந்தாருங்கள், ஊசியில் நூலைக் கோத்துத் தாருங்கள். வெளிச்சம் இருக்கும்போதே தைத்துவிடுகிறேன்.