தீங்கு செய்யவேண்டாம் என்ற வரி

நான் இராசையா குகதாசன், வெம்பிளியில் கூடும் நமது வாசகர் வட்டத்தின் செயலாளர். மறைந்த சிவகாமி அக்காவை அறிந்த உங்களுக்கு, அவர் பென்சிலால் கோடிட்ட என் ஒரு வரியைப் பற்றி எழுதுகிறேன்.

செவ்வாய் காலை தொலைபேசியில் மரணச் செய்தியைச் சொன்னவர், முன்பு நமது வட்டத்தில் இருந்த பரமநாதன். "அக்கா மோசம் போயிட்டா. செயலாளர் நீங்கள்தானே, ஆக்களுக்கு அறிவியுங்கோ." நான்கு ஆண்டுகளில் அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

அக்கா பகலில் கவுன்சில் நூலகத்தில் வேலை செய்தார். மாலையில் ஐரோப்பிய இடைக்கால வரலாறு படித்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு, திருச்சபையின் போதனையை மறுத்தவர்களுக்கு நேர்ந்ததைப் பற்றி வட்டத்தில் பேசினார். திருச்சபை அவர்களைத் தானே எரிக்கவில்லை. குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து அரச அதிகாரியிடம் கையளித்தது, இரத்தம் சிந்தவேண்டாம் என்ற வேண்டுகோளுடன்.

"தீர்ப்பு ஒரு கையிலை, நெருப்பு மற்றக் கையிலை. ரெண்டு கையும் சுத்தம். அப்ப கொண்டது ஆர்? அரசியல் தத்துவம் முதல் கேக்கவேண்டிய கேள்வி இது" என்றார்.

"அக்கா, இது வெம்பிளி. இங்கை விறகே இல்லை" என்று பொருளாளர் சிரித்தார்.

"விறகுக்கென்ன தம்பி, சனம் இருக்கெல்லோ."

அடுத்த மாதம் பரமநாதன், ஈழப்போரில் நம்மவர் செய்த தவறுகளையும் நமது ஆண்டு மலரில் எழுதவேண்டும் என்றார். குழு அவரைத் துரோகி என்று விலக்கியது. அறிவித்தலை வரைந்தவன் நான். விதியின் இலக்கத்தைக் குறித்து, இறுதியில் 'இவருக்கு எவரும் தீங்கு செய்யவேண்டாம்' என்றும் சேர்த்தேன். அந்த வரியில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அக்கா வாசித்துவிட்டு அதன் கீழ் பென்சிலால் கோடிட்டார். "குகதாசன், அந்தத் திருச்சபைக்காரரும் இப்பிடித்தான் எழுதினவை. அடிக்கவேண்டாம் எண்டு எழுதினால், அடிக்கலாம் எண்டு ஆர் சொல்லிக்குடுத்தது? இதை ஒட்டாதேங்கோ."

"விதிப்படி ஒட்டாமல் விட ஏலாது அக்கா."

அறிவித்தலை அந்த வரியோடேயே தமிழ்க் கடைகளில் ஒட்டினேன். சில வாரங்களில், நகரின் மறுகோடியில் உள்ள ஃபாரஸ்ட் கேட்டில் பரமநாதன் நடத்திய மளிகைக்கடையின் கண்ணாடி உடைக்கப்பட்டது. வாடிக்கையாளர் வருவதை நிறுத்தினர். வட்டத்துக்கு இதில் தொடர்பில்லை என்று கூட்டக் குறிப்பில் பதிந்தேன். அக்கா மட்டும் சனிக்கிழமை தோறும் இரண்டு ரயில் மாறிப் போய் அங்கே அரிசி வாங்கினார்.

"வெம்பிளியிலை அரிசி இல்லையோ?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இருக்கு. அங்கை அந்த மனுசனோடை கதைக்கத்தான் ஆளில்லை."

தகனத்தின்போது பரமநாதன் மண்டபத்துக்கு வெளியே மழையில் நின்றார். விலக்கல் இன்றும் நடைமுறையில் உள்ளது. கதவருகே நின்ற நான் அவரை உள்ளே அழைக்கவில்லை.

அக்காவிடமிருந்து எனக்கு எஞ்சியிருப்பது அந்தப் பென்சில் கோடு. விலக்கலை மீளப்பெறும் பிரேரணையை அடுத்த கூட்டத்தில் நானே கொண்டுவருவேன். அது தோற்றாலும், அந்தக் கண்ணாடி உடைந்ததற்கு நானும் பொறுப்பு என்று எழுதிக் கையொப்பமிட்டு, அதே கடைகளில் ஒட்டுவேன். முதற் பிரதியை இந்தச் சனிக்கிழமை ஃபாரஸ்ட் கேட்டுக்கு எடுத்துச் செல்கிறேன். அரிசியும் அங்கேயே வாங்குவேன்.