ஒரு தரம், ரெண்டு தரம்

ஏலக்காரர் தக்காளிக்கு விலை கூவினால், மூன்று ஊர் தள்ளி ஆற்றில் குளித்துக்கொண்டிருக்கிற வியாபாரி தண்ணீருக்குள் நின்றபடியே கையைத் தூக்கிவிடுவார். இடி இடிப்பதென்றால் முதலில் அவரிடம் வந்து, "அண்ணே, இன்னைக்கு மண்டியில ஏலம் இருக்கா? இருந்தா நான் நாளைக்கு வர்றேன்" என்று கேட்டுவிட்டுத்தான் இடிக்கும். ஒருமுறை அவர் தும்மியதில் ஒரு லாரி உருளைக்கிழங்கும் தானாகவே தோலுரிந்து நின்றது.

பெருநகரத்து லாட்ஜில் அறை எடுத்த அன்றே மேனேஜரிடம் இவ்வளவையும் அவிழ்த்துவிட்டவள் அவருடைய மகள். பதினாறு வயது. பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தோடு 'டூ' விட்டவள். காதருகே ஓயாமல் ரீங்காரம் போடுவதால் அப்பா வைத்த பெயர் கொசு. மேனேஜர் ஏலக்காரரை மேலும் கீழும் பார்த்தார். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒட்டடைக் கம்பு மாதிரி நின்ற அந்த மனிதர் "ஒரு ரூம்" என்று கேட்டதே காற்றுப் போன சைக்கிள் டியூப் சத்தத்தில்தான் வந்தது.

"இவரா?"

"இப்ப சார்ஜ் ஏறிக்கிட்டு இருக்கு சார்" என்றாள் கொசு.

தொண்டையில் கட்டி. ஆறு வாரம் தினமும் கதிர்வீச்சு மெஷினுக்கடியில் படுக்க வேண்டும். அதுவரை குரலை உயர்த்தவே கூடாது, அது தப்புமா தப்பாதா என்பது முடிவில்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊரில் அம்மாவைத் தவிர யாருக்கும் விஷயம் தெரியாது. ஏலக்காரனுக்குத் தொண்டை போச்சு என்று தெரிந்தால் மறுநாளே மேடையில் வேறு ஆளை ஏற்றிவிடுவார்கள். ஆகையால், "கத்துனது போதும், மகளக் கூட்டிக்கிட்டுச் சிட்டியச் சுத்திப் பாக்கப் போறேன்" என்று மண்டி முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார். அத்தைக்குத் தினம் ஒரு போட்டோ அனுப்புவது கொசுவின் பொறுப்பு. 'குடுத்து வெச்சவங்க, நல்லா அனுபவிங்க' என்று அத்தை பொருமிப் பதில் போடுவாள்.

சொன்ன பொய்க்காகவாவது அனுபவிக்க வேண்டியிருந்தது. ஆச்சரியம் என்னவென்றால், அனுபவித்தார்கள்.

மெஷின் வேலை, ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். மீதி நாள் முழுக்க அவர்களுடையது. கையிலிருந்ததோ இழுத்துப் பிடித்தால் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகும் என்கிற அளவு. மாதாந்திர பஸ் பாஸ் ஒன்றுதான் ஆடம்பரம். முன் சீட்டைப் பிடித்து முதல் ஸ்டாப்பிலிருந்து கடைசி ஸ்டாப் வரை போவார்கள். இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏறித் திரும்பி வருவார்கள். வெயில் ஏறினால் மெத்தைக் கடை. அங்கே குளிர்காற்று இலவசம், 'படுத்துப் பாருங்க' என்று அவர்களே கெஞ்சுவார்கள். ஏலக்காரர் கண்ணை மூடிப் படுத்திருக்க, விற்பனைக்காரர் கொசுவிடம் விசாரிப்பார்.

"யாருக்கும்மா மெத்தை?"

"எங்க வீட்டு மாப்பிள்ளைக்கு."

"மாப்பிள்ளை என்ன உயரம்?"

"இன்னும் பாக்கலண்ணே. மெத்தை அளவுக்குத்தான் தேடணும்."

சாயங்காலம் ஆனால் கடைத்தெரு நடைமேம்பாலம். கீழே வண்டிகள் ஓட, கம்பியில் சாய்ந்துகொண்டு ஏலக்காரர் மகளின் காதருகே குனிந்து அந்த நகரத்தைத் துண்டு துண்டாக விற்பார்.

"எதிர்ல பாரு, கண்ணாடிக் கட்டடம். முப்பது மாடி. மேல பளபளன்னு இருக்கு, அடியில கொஞ்சம் அழுகல். கேளு."

"ரெண்டு மூட்டை வெங்காயம்."

"வெங்காயத்த உரிக்காமலே கண்ணுல தண்ணி வர வெக்கிறியே. ஏத்துடி."

"மூணு மூட்டை. அதுக்கு மேல போனா அம்மா திட்டும்."

"ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!" என்று மூச்சாலேயே முடித்து, கம்பியை உள்ளங்கையால் தட்டுவார். அப்படியே கொசு மணிக்கூண்டை வாங்கினாள், ரயில் நிலையத்தை வாங்கினாள், ஒரு வங்கியை வாங்கி, கழிப்பறை சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தாள். போலீஸ் வண்டி ஒன்றை மட்டும் எவ்வளவு சொல்லியும் ஏலக்காரர் விற்கவில்லை. வாங்கியவளையே அதில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்களாம்.

ஆறு வாரம் முடிந்தது. டாக்டர் ஏலக்காரரின் தொண்டைக்குள் குழாயை விட்டுப் பார்த்தார், படங்களைப் பார்த்தார், பேனாவை மூடி வைத்தார்.

"இனிமே நீங்க எவ்வளவு வேணும்னாலும் பேசலாம்."

கொசு நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். "பாத்தியாப்பா! நான் சொன்னேன்ல! ஃபுல் சார்ஜ்!" டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கப் போனாள். டாக்டர் கை கொடுக்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவும் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மேசையில் அப்படி என்ன இருக்கிறதென்று அவளும் பார்த்தாள். ஒன்றுமில்லை. பிறகுதான் புரிந்தது.

வரும் வெள்ளிக்கிழமை குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். கழுத்தில் ஓட்டை போட்டு, மூச்சு அது வழியாகப் போகும். எடுக்கப்போகிற பொருளை இனி எப்படிப் பயன்படுத்தினால் என்ன?

லாட்ஜுக்குத் திரும்புகிற வழியெல்லாம் கொசு ஒன்றையே நினைத்தாள். அந்தக் குரல் வீட்டில் எங்கேயும் இல்லை. போட்டோ இருக்கிறது, சட்டை இருக்கிறது, குரல் இல்லை. ராத்திரி தூக்கத்திலும் ஏலம் போடுகிற மனிதர் அவர். ஒருமுறை உருளைக்கிழங்கோடு அம்மாவையும் சேர்த்து விற்று, "மூணு தரம்" என்று கட்டிலைத் தட்டியிருக்கிறார். "வாயில துணிய அடைச்சாத்தான் எனக்குத் தூக்கம்" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். இனி அம்மாவுக்கு எப்படித் தூக்கம் வரும்?

போனில் பதிவு செய்துவிட வேண்டும். கிசுகிசுப்பை அல்ல, அந்தக் கத்தலை. 'கத்துப்பா' என்று நேரடியாகக் கேட்க அவளால் முடியவில்லை. கேட்டால், வெள்ளிக்கிழமை நிஜம் என்று தானே ஒப்புக்கொண்டது மாதிரி ஆகிவிடும். அதனால் கோபம் மூட்டிக் கத்த வைப்பது என்று முடிவெடுத்தாள். அந்தக் கலையில் அவளுக்குப் பட்டமே கொடுக்கலாம்.

ஆனால் ஏலக்காரர் அன்றிலிருந்து வாயைத் திறக்கவேயில்லை. கிசுகிசுப்பும் நின்றுவிட்டது.

டீயில் உப்பைப் போட்டாள். நிதானமாகக் குடித்து டம்ளரைக் கழுவி வைத்தார். ஒற்றைச் செருப்பை ஒளித்து வைத்தாள். குளியலறை ரப்பர் செருப்போடு நடந்தார். மேனேஜரிடம் போய், "அப்பாவுக்குக் காது சுத்தமா அடைச்சுப்போச்சு, கிட்ட வந்து சத்தமாச் சொல்லுங்க" என்றாள். மேனேஜர் காலையிலேயே கதவைத் தட்டி, ஏலக்காரரின் காதுக்குள் "தண்ணி வந்திருச்சு!" என்று அலறினார். ஏலக்காரர் கும்பிட்டுவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார். காய்கறிக் கடை வாசலில் நின்று, "நம்ம மண்டித் தக்காளி இதோட கால்தூசிக்கு வராதுப்பா" என்று அவருடைய அடிமடியிலேயே கை வைத்தாள். அவர் புருவம் மட்டும் ஒருமுறை ஏறி இறங்கியது. அவள் சட்டைப்பையில் ஒளிந்திருந்த போன் எல்லாவற்றையும் பதிவு செய்தது. திரும்பப் போட்டுக் கேட்டால் துணி உரசுகிற சத்தமும் அவளுடைய பேச்சும்தான். ஒரு கொசு தனியாகக் கத்திக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம். மறுநாள் ஆபரேஷன். மேம்பாலத்துக்கு வந்து நின்றார்கள். வேடிக்கை காட்ட அவளிடம் எதுவும் மிச்சமில்லை. கம்பியில் தாடையை வைத்துக்கொண்டு சும்மா நின்றாள்.

ஏலக்காரர் கழுத்துத் துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டார். மண்டியில் மேடை ஏறுமுன் அப்படித்தான் போடுவார்.

"போனப் பையிலேருந்து வெளிய எடு" என்றார். "துணிக்குள்ள வெச்சா என்ன கேக்கும்?"

கொசு சட்டைப்பையைப் பொத்திக்கொண்டாள். "எந்தப் போனு?"

"உப்பு டீ குடிச்ச அன்னைக்கே தெரியும்டி. குடிக்கிறவன் மூஞ்சியப் பாக்காம உன் பையையே பாத்துக்கிட்டிருந்த."

"அப்புறம் ஏன்ப்பா வாயே திறக்கல?"

"பேசிப் பேசித் தீர்த்துட்டா உனக்கு என்ன மிஞ்சும்? கைல இருக்குறதே கொஞ்சம். சேத்து வெச்சேன்." தொண்டையைத் தடவிக்கொண்டார். "புடி நேரா."

அவள் போனை நீட்டிப் பிடித்தாள். ஏலக்காரர் காலை அகட்டி நின்று மூச்சை இழுத்தார்.

"பெரிய சிட்டி ஒண்ணு! மாடிக்கு மேல மாடி, பஸ்ஸு, ரயிலு, மெத்தக்கடை எல்லாம் அடக்கம்! ஆஸ்பத்திரி மட்டும் சொத்தை, அதக் கழிச்சுட்டேன்! கேளு, கேளு, கேளு!"

உடைந்த குரல்தான். இருந்தாலும் பாலத்தின் தகடு அதிர்ந்தது. நடந்து போனவர்கள் நின்றார்கள். கீழே பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒருவர் என்ன ஏதென்று தெரியாமலே கையைத் தூக்கினார்.

"நூறு மூட்டை!" என்று கத்தினாள் கொசு.

"நூறு ஒரு தரம்! நூறு ரெண்டு தரம்!"

தூக்கிய கை கம்பியைத் தட்டவில்லை. அப்படியே நின்றது. இருமினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், போனைப் பார்த்தார்.

"கொசு."

"ம்?"

"அதுல செவப்புப் புள்ளி வரணுமில்ல?"

அவள் குனிந்து பார்த்தாள். திரை கருப்பாக இருந்தது. அமுக்கவேயில்லை.

"அழுதுக்கிட்டு நின்னா பட்டன் எங்க தெரியும்?"

"யாரு அழுதா? தூசி."

"தூசிக்கு யாருடி மூக்க உறிஞ்சுவா?" தோளிலிருந்த துண்டை எடுத்து அவள் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டார். குரல் மறுபடி சைக்கிள் டியூப் ஆகிக்கொண்டிருந்தது. "இன்னும் ஒரு தடவைக்குத்தான் சரக்கு இருக்கு. அமுக்கு."