சோதிக்காமல் விட்ட நள்ளிரவு

பட்டப்பகலில் நள்ளிரவை வரவழைப்பதுதான் லோகேஸ்வரிக்கு வேலை. பட்டர்வொர்த் பக்கம் மாக் மண்டினில் உள்ள அவள் கம்பெனி ரத்தச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கணினி செய்து கொடுக்கிறது. தேதி மாறும்போது அந்தக் கணினியின் இயங்குதளம் தடுமாறுகிறதா என்று இவள் பார்க்க வேண்டும். கடிகாரத்தைப் பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னால் திருப்பி வைத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். வருடக் கடைசி, மாதக் கடைசி, லீப் வருடத்துப் பிப்ரவரி எல்லாம் இப்படித்தான். எத்தனை தடவை சரியாக வந்தாலும் அடுத்த தடவைக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று மேலாளர் சீனி முகம்மது கிண்டல் செய்வார். அவருக்கென்ன, அவர் வீட்டில் யாருக்கும் சிறுநீரகம் கெடவில்லை.

லோகேஸ்வரியின் கணவர் அய்யாக்கண்ணுவுக்குக் கெட்டிருந்தது. கடல் தாண்டித் தீவில் உள்ள டத்தோ கிராமாட்டில், வீட்டுக்குப் பக்கத்து நிலையத்தில் செவ்வாய், வியாழன், சனி அவருடைய முறை. அங்கே இருப்பதும் இவள் கம்பெனிக் கணினிதான். அன்றைய நோயாளிகளில் அவர் பெயரை அது காட்டினால்தான் மிஷின் ஓடும். அந்த வருடம் பிப்ரவரி இருபத்தொன்பது வியாழக்கிழமையில் வந்து தொலைத்தது.

முதல் நாள் மாலை வேலை முடிந்து வரும் வழியில், மனசு கேட்காமல் நிலையத்துக்குள் எட்டிப் பார்த்தாள். தாதி சுலைஹா மெயின் சுவிட்சைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தாள்.

"தினமும் இப்படியா ஆஃப் பண்றே?"

"ஆமாக்கா. தர்ம சென்டர்லா இது. லெட்ரிக் பில்லு யாரு கட்டுறது?"

லோகேஸ்வரி சோதித்ததெல்லாம் ஓடிக்கொண்டிருந்த கணினியை. அணைத்துவிட்டால் உள்ளே பொட்டு அளவு பேட்டரியில் ஓடும் கடிகாரம்தான் நாளை எண்ணும். அதற்கு லீப் வருடம் தெரியுமா என்று அவள் பார்க்கவே இல்லை. எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டு, தீவிலும் அக்கரையில் பட்டர்வொர்த்திலும் கணினிகளைக் கொடுத்தாகிவிட்டது.

சீனி முகம்மதுவை அழைக்கப் போனை எடுத்தாள். நாளைக்கு ஒன்றும் ஆகவில்லையென்றால் ஊரே சிரிக்கும். ஆகிவிட்டால் கையெழுத்து இவளுடையது. காலையில் நாமே வந்து பார்த்துக்கொள்வோம் என்று போனைப் பைக்குள் போட்டாள்.

காலையில் திரை மார்ச் ஒன்று, வெள்ளி என்றது. அய்யாக்கண்ணுவின் பெயரே இல்லை. தேதியைக் கையால் மாற்றி, கணினியை அணைத்து மறுபடி போட்டாள். பெயர் வந்தது. சுலைஹா ஊசியைக் குத்தினாள்.

"ராத்திரி பூரா புரண்டுகிட்டே இருந்தியே. இப்ப என்ன ஆச்சு? ஒன்னுமில்லதானே?" என்றார் அய்யாக்கண்ணு. அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

போன் அடித்தது. சீனி முகம்மது.

"லோகேஸ், பட்டர்வொர்த்ல ரெண்டு சென்டர் வெள்ளிக்கிழமைன்னு காட்டுதாம். மிஷின் ஓடல. வந்தவங்க அப்படியே உக்காந்திருக்காங்க. ஒரு அம்மாவுக்கு மூச்சு வாங்குதாம்."

"தேதிய கையால மாத்தி, ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கண்ணே. ஓடும்."

அவர் யாரிடமோ அதைக் கத்திச் சொல்வது கேட்டது. பிறகு குரல் இறங்கியது.

"இது எப்படித் தெரியும் உனக்கு?"

அய்யாக்கண்ணு கண்ணை மூடிப் படுத்திருந்தார். குழாயில் அவருடைய ரத்தம் சீராகப் போய் வந்துகொண்டிருந்தது.

"நேத்தே சந்தேகம் வந்துச்சுண்ணே," என்றாள். "எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் வந்து பார்த்துட்டேன்."