சவரக் கத்தியும் வரி விகிதமும்

சலூன்காரர் வாதத்தில் தோற்றதே இல்லை. அதற்குக் காரணம் அறிவு அல்ல, கத்தி. இரும்புச் சாமான் கடை முதலாளி சவரத்துக்கு வந்து உட்கார்ந்தால் வரிப் பேச்சு தானாக ஆரம்பித்துவிடும். நுரை தடவும்வரை முதலாளியைப் பேச விடுவார். தன் பெரிய பாயிண்ட்டை மட்டும், கத்தி தொண்டைக்கு வரும் நேரத்துக்குப் பதுக்கி வைத்திருப்பார். அழுகுணி ஆட்டம்தான், சந்தேகமே இல்லை.

“சம்பாத்தியம் ஏற ஏற வரியும் ஏறணும்ண்ணே. இல்லன்னா அரசாங்கம் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடமெல்லாம் எதை வச்சு நடத்தும்?”

முகத்தைத் துடைத்ததும் முதலாளி சீறுவார். “அரசாங்கம் ரோடு போடட்டும், திருடனைப் பிடிக்கட்டும். மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம். எல்லாருக்கும் ஒரே விகிதம், அவ்வளவுதான்.”

“நீங்களும் நானும் ஒரே தொகையா கட்டறது? நல்லா இருக்கே நியாயம்.”

“தொகை இல்லய்யா, விகிதம். எத்தனை தடவை சொல்றது உனக்கு?”

எத்தனை தடவை சொன்னாலும் பேச்சு வேகத்தில் சலூன்காரர் வாயில் தொகை என்றுதான் வரும்.

பிறகு முதலாளிக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனது. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டே இருங்கள் என்றார் டாக்டர். முதலாளியின் மனைவி பேசிப் பேசி ஓய்ந்துபோய், சலூன்காரருக்கு ஆள் அனுப்பினார்.

அரசாங்க ஆஸ்பத்திரி வார்டு. குத்திக்காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. சலூன்காரருக்கு மனம் வரவில்லை. நுரை தடவியபடி பழைய வாதத்தை ஆரம்பித்தார். கத்தியை எடுக்காமலே ஜெயிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. சரி, இவர் கட்சியையும் நாமே பேசுவோம் என்று கத்தியை எடுத்துக்கொண்டு முதலாளியின் மனைவி பக்கம் திரும்பினார்.

“அண்ணன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு அண்ணி. ராப்பகலா உழைச்சு வளத்த கடை. வளர வளர வரி ஏறினா, உழைச்சதுக்குத் தண்டனை மாதிரித்தானே? அதான் எல்லாரும் ஒரே தொகை கட்டணும்னு...”

போர்வைக்குள் ஒரு கை அசைந்தது. கோணிய வாய் எதையோ மென்றது. உதட்டோரம் நுரை வழிந்தது.

“வி... விகிதம்.”

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சலூன்காரரின் கண்ணை நீர் மறைத்தது. கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டார்.

“ஆமாண்ணே, விகிதம்தான். கத்தியை உள்ள வச்சுட்டேன். நீங்க பேசுங்க.”