தேடுபொறி சாட்சி சொன்ன திருட்டு

என்னைத் திருடன் என்று மைக்கில் சொன்னது நீங்கள்தான், நடுவர் ஐயா.

திருப்பதியில் மாதாமாதம் நடக்கும் எங்கள் தமிழ்க் கவிதைக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. போட்டிக்கு வரும் கவிதைகளைப் பெயரை எடுத்துவிட்டு, கூட்டத்தின் இணையப் பக்கத்தில் முன்கூட்டியே போட்டுவிடுவார்கள். பெயர் தெரிந்தால் நடுவர் முகம் பார்த்துப் பரிசு கொடுத்துவிடுவாராம். நடுவர் அங்கே படித்துவிட்டு வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் எழுதியவர் எழுந்து வாசிக்க வேண்டும். உங்களைச் சித்தூரிலிருந்து கார் வைத்து அழைத்து வந்தார்கள்.

நான் ரேணிகுண்டா ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் வேலை பார்க்கிறவன். எழுதியது அதுதான் முதல் தடவை. கைப்பேசியில் இரண்டு தேடுபொறிகளை வைத்துக்கொண்டு நான் படுகிற பாட்டை ஹைக்கூவாக எழுதியிருந்தேன்.

தலைவலி என்று தேடினேன்.
ஒன்று சுக்கு என்றது, ஒன்று சாவு என்றது.
படுத்துத் தூங்கிவிட்டேன்.

மண்டபம் சிரித்தது. அடுத்ததை வாசித்தேன்.

முதல் பதில் விளம்பரம்,
இரண்டாவதும் விளம்பரம்.
மூன்றாவது, பக்கத்து வீட்டு அக்கா.

பின்வரிசையில் என் மனைவிகூடச் சிரித்தாள். வீட்டில் நான் எதைச் சொன்னாலும் சிரிக்காதவள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நீங்கள் என் வரிகளைக் கைப்பேசியில் அடித்துப் பார்த்தீர்கள். அப்படியே வந்தன. இது ஏற்கனவே இணையத்தில் இருக்கிறது, திருடிய கவிதை என்று அறிவித்தீர்கள்.

இன்னொரு தேடுபொறியிலும் பாருங்கள் என்றேன். அதில் ஒன்றும் வரவில்லை. அது சின்னது, அதற்கு விவரம் போதாது என்று தள்ளிவிட்டீர்கள். தேடுபொறிகள் முட்டிக்கொள்வதைப் பற்றி எழுதினால், அவற்றையே கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைக்கிறீர்கள்.

“இணையம் பொய் சொல்லாதுப்பா, உட்காரு” என்றீர்கள்.

உட்கார்ந்தேன். வேறொருவருக்குப் பரிசு கொடுத்தீர்கள்.

எங்கள் ஊர் வடமாலபேட்டைக்குத் திரும்பும் பஸ்ஸில் மனைவி என் கைப்பேசியைப் பிடுங்கி அதே வரிகளைத் தேடினாள். வந்த பதிலை அமுக்கித் திறந்தாள்.

“அந்தாளு இத்த தொறந்து பாத்தாரா? நம்ம கூட்டத்து பேஜுய்யா இது. உன் கவிதைய அவங்களே போட்டுக்கினு உன்னியே திருடன்றாங்க.”

பரிசு வாங்கியவரின் கவிதையும் அதே பக்கத்தில், எனக்கு மேலேயே இருந்தது. அது மட்டும் எப்படித் திருட்டு இல்லை?

பக்கத்தைப் படம் எடுத்துக் கூட்டத்தின் கைப்பேசிக் குழுவில் போட்டேன். நீங்கள் கைகூப்பிய பொம்மை ஒன்றை அனுப்பினீர்கள். மன்னிப்பா, வணக்கமா, ஆளை விடு என்பதா? இங்கே ஒர்க்‌ஷாப்பில் நான் வாய் திறந்தாலே, “இத்த எங்க சுட்டுக்கினு வந்த, நைனா?” என்கிறார்கள்.

எனக்குப் பொம்மை வேண்டாம். அடுத்த கூட்டத்தில் அதே மைக்கைப் பிடித்து, அத்தனை பேர் முன்னால் சொல்லுங்கள்: நடுவராக வந்த நீங்கள், அந்தப் பக்கத்தை ஒரு தடவையாவது திறந்து படித்தீர்களா, இல்லையா?